தீவனச் சாக்கில் மணல்

வெண்ணந்தூரில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். பஸ் கிளம்பியதும் மூத்தவர் சொன்ன முதல் பேச்சே என்னை நிமிர வைத்தது.

"எங்கூட்டுக்காரி கனத்துக்கு ஒரு மூட்டை கட்டி வெச்சிருக்கேன், தம்பி."

"அது எதுக்குங்கண்ணா?"

"அவ படுத்த படுக்கையாயிட்டாள்ல. கக்கூசுக்கு நாந்தான் தூக்கோணும். எனக்கோ கையில பலமில்ல. தெனமும் கனம் தூக்கிப் பழகுங்க, இந்த வயசுலயும் சதை புடிக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கோழித்தீவனச் சாக்குல மணலை ரொப்பி, அவ எடைக்குச் சரியா நிறுத்து வெச்சேன். காலையில அஞ்சு தடவை தூக்குவேன்."

"பலம் வந்துச்சுங்களா?"

"வந்துருச்சுன்னுதான் நெனச்சேன். மொதல்ல அவளைக் கட்டில்ல இருந்து எடுக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும். இப்ப லேசா தூக்கிடறேன். பாருடி என் பலத்தைன்னு நேத்துக்கூட அவகிட்டப் பீத்திக்கிட்டேன்."

"நல்லதுதானுங்களே."

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"மூட்டை லேசாகலியே, தம்பி. இன்னைக்குக் காலையில தூக்கறப்பத்தான் ஒறைச்சுது. மொத நாள் கனத்த மாதிரியேதான் கனக்குது. அவதான் கரைஞ்சு போயிட்டா."

இளையவர் அவர் பக்கமாகத் திரும்பினார்.

"அப்ப மணலைக் கொஞ்சம் எடுத்துருங்கண்ணா. எதுக்கு வீணா சிரமம்?"

"அவ கனம்னு இப்ப அந்த மூட்டை மட்டுந்தான் இருக்குது. அதையும் அள்ளிக் கொட்டச் சொல்றியா?"