ஹாலிஸ் ப்ரூயிட்டுக்கு வந்த உத்தரவு

நீதிமன்றத்தில் இயந்திரம் தருகிற காப்பியை வாயில் வைக்க முடியாது. அதனால் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுபோவேன். ஹாலிஸ் ப்ரூயிட்டுக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும். அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள் இல்லை அவர்.

பழைய குற்றப் பதிவுகளை மூடுகிற பிரிவில் நான் எழுத்தர். என் ஜன்னலில் மனு கொடுப்பார்கள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்காவிட்டால் நீதிபதி விசாரணை இல்லாமலே கையெழுத்திட்டுவிடுவார். அந்த உத்தரவை நான் பதிந்து, காவல்துறைக்கு அனுப்பி, மனுதாரருக்கு ஒரு பிரதியைத் தபாலில் போட வேண்டும். அதோடு அந்தப் பெயர் என் கணினியிலிருந்து போய்விடும். பிறகு யார் கேட்டாலும் அப்படியொரு வழக்கே இல்லை என்று நான் சொல்ல வேண்டும். ஆளும் அதற்குப் பிறகு வரமாட்டார். எதற்கு வரப்போகிறார்?

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, காலி வீடொன்றில் செம்புக் குழாய்களைக் கழற்றி விற்றார் ஹாலிஸ். அந்த ஒரு வழக்குதான். மகள் கார்லா இருப்பது அரசுக் குடியிருப்பில். குற்றப் பதிவு உள்ளவரைத் தங்கவைத்தால் அவளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே இவர் காரில் படுத்துக்கொண்டார். வீடில்லாதவர்கள் மனுவில் எங்கள் அலுவலகத்தையே விலாசமாக எழுதிக்கொள்ளலாம். அவரும் அப்படித்தான் எழுதினார். அவருடைய தபாலெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

வியாழன் தவறாமல் வந்து நிற்பார்.

“மிஸ் வெர்னா, என் பேரு இன்னும் சுத்தமாகலியா?”

“கைரேகை ரிப்போர்ட் வரணும், ஹாலிஸ்.”

“அது என்ன, நடந்தா வருது? எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானே முதுகுல தூக்கிட்டு வந்துடறேன்.”

நான் சிரிப்பேன். என் கணவர் போய்ப் பதினோரு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமைதான் என் வாயிலிருந்து வரும். தனிமை என்னைத் தின்றது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. புதன்கிழமைகளில் மறுநாளுக்குச் சட்டை இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

அந்த ரிப்போர்ட் முதல் வாரமே வந்துவிட்டது. மார்ச் பதினொன்றாம் தேதி நீதிபதி கையெழுத்திட்டார். உத்தரவைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு வியாழன் போகட்டும், அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவருக்குப் பிறந்தநாள், கேக் வாங்கியிருந்தேன். அதற்கடுத்த வாரம் மழை. இப்படியே கோடை போயிற்று.

நான் அவரைக் கவனிக்காமல் இருக்கவில்லை. அக்டோபரில் கம்பளிக் காலுறை கொடுத்தேன். டிசம்பரில் நல்ல கனமான போர்வை ஒன்று.

ஜனவரியில் ஆறு உறைந்தது. அந்த வியாழன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினார்.

“கார்லா வந்து சோபால படுக்கச் சொல்றா. மாட்டிக்கிட்டா கைக்குழந்தையோட அவ தெருவுல நிக்கணும். மாட்டேன்னுட்டேன். உண்மையச் சொல்லுங்க, இன்னும் எத்தன வாரம்?”

“ரெண்டு” என்றேன்.

சனிக்கிழமை காருக்குள் விறைத்துக் கிடந்தார். நான் கொடுத்த போர்வையைத்தான் போர்த்தியிருந்தாராம்.

அடக்கத்துக்குப் போனேன். கார்லா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்கப்பாவுக்காகப் போராடினது நீங்க ஒருத்தங்கதான்.” அந்த நேரத்தில் அவளைத் திருத்துவது நாகரிகமாக இருக்காது.

திங்கட்கிழமை உத்தரவைப் பதிந்தேன். கையெழுத்தான தேதி, பதிந்த தேதி, இரண்டும் விசாரிக்க வந்த உங்கள் முன்னால் இருக்கின்றன. நான் எதையும் மறுக்கவில்லை. மார்ச்சிலேயே கொடுத்திருந்தால் இன்று அவர் மகளின் சோபாவில் உயிரோடிருப்பார். ஆனால் கார்லாவுக்கு இரண்டு இடத்தில் வேலை. பகல் முழுக்க அவரோடு யார் பேசியிருப்பார்கள்?

என் வீட்டைச் சோதனை போடுவீர்கள் என்று தெரியும். சமையலறை மேசை மேல் ஆர்வில் டென்டன் என்பவரின் உத்தரவு இருக்கும். நவம்பரில் கையெழுத்தானது. அவரும் காரில்தான் படுக்கிறார், செவ்வாய்க்கிழமைகளில் வருவார். அதை மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள். பாவம், அவருக்கு என்னை விட்டால் யாருமில்லை.