மோதிரக் கீறல்

சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில் என் முன்சீட்டில் கண்ணாடி மாட்டுகிறவர்கள் இருவர்.

"பேங்க் கேஷியர் ரூம்ல மாட்டினோமே குண்டு துளைக்காத கண்ணாடி, அதுல என் மோதிரம் பட்டு கீறல் விழுந்துடுச்சுப்பா."

"எந்தப் பக்கம்?"

"ஜனங்க நிக்கிற பக்கம்."

"வெள்ளி மோதிரம் கண்ணாடியக் கீறாது. அதோட ஒரு பக்கம் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கைத்தான் கீறும். பிளாஸ்டிக் கேஷியர் பக்கம்தானே வரணும்? குண்டு பட்டா சிதறுற கண்ணாடித் தூளைத் தடுக்கிறதே அதுதானே!"

"அப்போ திருப்பி மாட்டிட்டோமா?"

"ஆமாம்பா. குண்டு நின்னாலும் அந்த கேஷியரம்மா மூஞ்சியில தூள் அடிக்கும்."

"விடுப்பா. இங்க எவன் வந்து சுடப்போறான்?"

"அப்புறம் எதுக்குடா அதை மாட்டினோம்?"

சத்தம் போட்டு பஸ்ஸை நிறுத்தி, உப்பளத்து நடுவில் இறங்கி, வந்த வழியே பேங்க்கைப் பார்த்து நடந்தார், அப்படிக் கேட்டவர். மற்றவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.