சூரியன் மேல் ஒரு புகார்

...அதெல்லாம் முடியாது தம்பி, சூரியன்லதான் கோளாறுன்னு எழுது. ஏன், எழுதினா என்ன? மூணு தடவ வந்து பாத்த. மெஷின் நல்லாருக்குன்ன, ஒயர் நல்லாருக்குன்ன, மாடியில இருக்கற சோலார் பேனல் நல்லாருக்குன்ன. அப்ப மிச்சம் இருக்கறது யாரு? மேல இருக்கறவன்தானே! அவன் பேர எழுது. அவன் என்ன உன் மேல கேஸா போடப் போறான்?

கட்டம் இல்லையா? ஃபாரத்துல சூரியனுக்குக் கட்டமே இல்லையா? நல்லாருக்குப்பா உங்க கம்பெனி! சூரியன வச்சுத்தான் பொழப்பே நடக்குது, அவனுக்கு ஒரு கட்டம் ஒதுக்க மனசு வரல. எங்க, காட்டு... மூணே மூணுதானா? 'பேனல் கோளாறு.' இது கூடாது. அந்தக் கட்டத்துப் பக்கம் உன் பேனா போச்சு, கையப் புடிச்சு இழுத்துருவேன், ஆமா. 'மெஷின் கோளாறு.' போன மாசம்தான் புதுசு மாட்டின, அதுலயும் போட முடியாதுங்கற. மூணாவது... 'வீட்டார் தவறு.' வீட்டார்னா? நானா? அட, நான் என்னப்பா பண்ணேன்? நான் அத தொடறதுகூட இல்ல!

சரி, உக்காரு. நின்னுகிட்டே இருந்தா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்தா, சோள ரொட்டி, சூடா இருக்கு. மீன் வறுத்திருக்கேன், தொட்டுக்கோ. நீ இப்பிடி சொல்லாம கொள்ளாம வந்து நின்னா என்ன பண்றது? எப்பவும் முந்தின நாளே வெய்ஹாய் டவுன் ஆபீஸ்லருந்து போன் வரும், 'லுவான் பெரியம்மா, நாளைக்கு ஆள் வராங்க'ன்னு. நானும் மாடிய ஒதுங்க வச்சு, கூட்டிப் பெருக்கி, கண்ணாடியெல்லாம் வினிகர் போட்டுத் தொடச்சு வைப்பேன். விருந்தாளி வரும்போது வீடு வீடா இருக்க வேணாமா? இன்னிக்குப் போட்டது போட்டபடி கெடக்கு.

ஆனா ஒண்ணு பாரு தம்பி, அதான் எனக்கு வயித்தெரிச்சல். நீ வர்ற அன்னிக்கு மட்டும் அந்தப் பேனலுங்க பிரமாதமா வேல செய்யுது! நீ வண்டி ஏறி அந்தத் திருப்பம் தாண்டின மறுநாளே படுத்துக்குது. உன் சட்டையப் பாத்து பயப்படுதோ என்னமோ...

வசந்த காலத்துல நான்தான் முதல் எடம், தெரியுமா? நாப்பத்தி மூணு வீடு இந்த ஊர்ல. தெனம் காலைல ஒலிபெருக்கில படிப்பாங்க, நேத்து எந்த வீடு எவ்வளவு கரண்டு எடுத்துச்சுன்னு. 'முதல் எடம், லுவான் வீடு!' நான் அந்த நேரமாப் பாத்து வாசல்லதான் நிப்பேன், சும்மா, முட்டகோஸ் உரிக்கற மாதிரி. கோடையிலயும் நான்தான். ஒம்பதாம் மாசம் வந்துச்சு, வடகாத்து திரும்புச்சு... அன்னிக்கு விழுந்தவதான். நாப்பத்தி மூணு! நாப்பத்தி ரெண்டு யாரு தெரியுமா? பக்கத்து வீட்டு ஸாங்! அந்த ஆளு பேனல மாடியிலகூட வைக்கல. பன்னிக் கொட்டாய்க்கு செவுரா நட்டு வச்சிருக்கான். அதுல ஒண்ணு விரிசல். பன்னி முதுகு சொறிஞ்சு சொறிஞ்சு விட்ட விரிசல். அந்தப் பன்னி எடுக்கற கரண்டுகூட நான் எடுக்கல தம்பி!

என்ன சிரிக்கற? நீ தின்னு.

மத்தியானம் நிறுத்தறீங்களே, அதுவும் காரணம் இல்லங்கற. ஆமா, அது எல்லா வீட்டுக்கும்தான். அந்தக் கூத்த நான் யார்ட்ட போய் சொல்ல? பன்னெண்டு மணி, வெய்யில் மண்டையப் பொளக்குது, உங்க ஆபீஸ்லருந்து சேதி வருது: 'கரண்டு அதிகமாயிடுச்சு, வாங்க ஆளில்ல, நிறுத்தி வைக்கிறோம்.' அம்பத்தெட்டு வயசுல வெய்யில் அதிகமாப் போச்சுன்னு நிறுத்தி வச்சத இப்பத்தான் பாக்கறேன். எங்க வீட்டுக்காரர் படகுல போறாரு, மீன் அதிகமாயிடுச்சு கடல மூடி வைங்கன்னு சொன்னா எப்பிடி இருக்கும்?

எல்லாம் பேனல அளவுக்கு மீறி செஞ்சு குமிச்சதால வந்தது. என் பொண்ணு ஹாய்தாங் சொல்வா. சாங்ஜோவுல பேனல் ஃபாக்டரில இருக்கா, எட்டு வருஷமா. ஒரு ஃபாக்டரி நூறு செஞ்சா பக்கத்து ஃபாக்டரி எரநூறு செய்யுதாம், நீ வெல கொறச்சா நான் இன்னும் கொறைக்கறேன்னு. அமெரிக்காக்காரன் வரி போட்டுக் கதவ சாத்திட்டான். பாகிஸ்தான்காரன் கப்பல் கப்பலா வாங்கி மாடியெல்லாம் அடுக்கறானாம், நல்லாருக்கட்டும். ஜெர்மனிக்காரன் தோட்டத்துக்கு வேலியா நடறானாம், மரப் பலகையவிட இது மலிவுன்னு! கேட்டியா? உலகமே சேந்து ஸாங் பன்னிக் கொட்டாய் மாதிரி ஆகிட்டு வருது.

எங்க விட்டேன்... ஹான், பேனல். போன புது வருஷத்துக்கு மத்த ஃபாக்டரியெல்லாம் ஆளுக்கு ஒரு எண்ணெ டின், ரெண்டு கிலோ பன்னிக்கறின்னு குடுத்துச்சு. ஹாய்தாங் ஃபாக்டரில பேனல் குடுத்தாங்க. ஆளுக்குப் பன்னெண்டு. பொண்ணு புது வருஷத்துக்கு லாரில வந்து எறங்கறா! நான் பன்னிக்கறி எங்கடின்னேன். 'அம்மா, இது இருவத்தஞ்சு வருஷம் கெடாது'ன்னா.

சண்ட போடாத ஆளே இல்ல தம்பி, இந்தப் பேனலுக்காக. நீதான் மொதல் தடவ வந்தப்ப சொன்ன, ஒரு எல நெழலு பட்டாகூட போச்சுன்னு. பன்னெண்டும் கை கோத்துகிட்டு நிக்கும், ஒண்ணு உக்காந்தா எல்லாம் உக்காந்துரும்னு. அவ்வளவுதான், நேரா ஸாங் வீட்டுக்குப் போனேன். அவன் பேரிக்கா மரத்து நெழலு சாயங்காலம் நாலு மணிக்கு என் மாடி ஓரத்துல விழும். வெட்டுன்னேன். நாப்பது வருஷ மரம், எங்கப்பா வச்சதுன்னு அழுதான் மனுஷன். அப்பவும் விடலியே நான்! ஊர்த் தலைவர்ட்ட போயி, பஞ்சாயத்து வச்சு, வெட்டினதுக்கப்பறம்தான் சோறு எறங்குச்சு. கரண்டு ஏறுச்சா? ஏறல. அப்பறம் ஒலிபெருக்கிக் கம்பம். அதோட நெழலு ஒரு வெரல் அகலம். அதையும் புடுங்கி அந்தப் பக்கம் நட வச்சேன். ஏறல. எதிர் வீட்டுக்காரிய சமைக்கறப்ப பொக வராம சமைடின்னேன், இன்னி வரைக்கும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. ஏறல!

வேற யாரு மிச்சம்? பேனல்தான். ஃபாக்டரிக்கே புகார் அடிச்சேன். ஒண்ணா ரெண்டா, பன்னெண்டு புகார், பேனலுக்கு ஒண்ணு. எழுத்துக் கூட்டி எழுதி, போட்டோ புடிச்சு...

போன வாரம் ஹாய்தாங் போன் பண்ணா. 'அம்மா, பேனலுக்குப் பின்னாடி ஒரு எண் இருக்கும், பாத்தியா'ன்னா. அடியில குனிஞ்சு யாரு பாக்கறா? முன்னூத்திப் பதினேழாம். அது யாருடின்னேன். 'நான்தான்மா'ன்னா.

பேனல ஒரு கூண்டுல வச்சு வெளிச்சம் அடிச்சு, முடி கணக்கா கீறல் இருந்தாலும் கண்டுபுடிக்கற வேல அவளுக்கு. இந்தப் பன்னெண்டையும் அம்மாவுக்குன்னு அவளே தேடித் தேடி எடுத்து, அவளே பாத்து, அவ எண்ணையே ஒட்டி அனுப்பியிருக்கா. எனக்கென்ன தெரியும்? வெல விழுந்து ஃபாக்டரில ஆள் கொறைக்கறாங்க தம்பி. அவ செய்யற வேலைல இப்ப நாலு பேரு, ரெண்டு பேரத்தான் வச்சுக்குவாங்களாம். யாரு பாத்த பேனல்ல புகார் வந்திருக்குன்னு எண்ணி முடிவு பண்றாங்களாம். மத்த மூணு பேருக்கும் சேத்து ஒரு புகார். இவளுக்குப் பன்னெண்டு. 'நாட்டுல எத்தன லட்சம் மாடி இருக்கு, எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம மாடியிலருந்தாம்மா வரணும்'னு கேட்டா. கோவப்பட்டிருந்தாக்கூட பரவால்ல. கோவமே படல அவ.

அதான் சொல்றேன், இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள உன் ஃபாரம் ஃபாக்டரிக்குப் போகுதில்ல, அதப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க, பேனல்னு மட்டும் போட்டுறாத. நெஜம்தான், பன்னெண்டு புகார்லயும் பேனல் சொத்தைன்னு எழுதினது நான்தான். இப்ப மாத்திச் சொல்றேன், என்ன பண்ண!

மேல போய் பாக்கணுமா? பாரேன், தாராளமா பாரு. ஏணி அந்தா இருக்கு. இரு இரு, மொதல்ல நான் ஏறி மீன எடுத்துட்டு வந்துடறேன். கால் வைக்க எடம் இருக்காது.

என்ன மீனா? நீ இவ்வளவு நேரமாத் தின்னுட்டு இருக்கியே, அதே வஞ்சிரம்தான். நல்லா காஞ்சிருக்குன்னு நீதான சொன்ன... எங்க காயுதா? இது என்ன கேள்வி! எல்லார் வீட்லயும் எங்க காயும்? மாடியிலதான். பேனல் மேல.

ஏன் மெல்றத நிறுத்திட்ட?

அட, இதுல என்ன இருக்கு? கல்யாணம் ஆகி வந்த நாள்லருந்து வடகாத்து அடிச்சா மீன் மாடிக்குப் போகும். இப்ப மாடி முழுக்கப் பேனல், அப்ப பேனல் மேலதான் போகும். எவ்வளவு தோதா இருக்கு தெரியுமா! சரிவா இருக்கறதால தண்ணி தானா வடிஞ்சுடுது. சட்டத்துல கயிறு கட்டிக்கலாம். மேல வெய்யில், கீழ கண்ணாடிச் சூடு, நாலு நாள்ல காயறது ரெண்டே நாள்ல காயுது. பேனல் மாட்ட வந்த பையன்தான் சொன்னான், 'நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் பெரியம்மா, எப்பவும் போல இருங்க'ன்னு. எப்பவும் போலதான் இருக்கேன்!

நீ வர்ற அன்னிக்கா? எடுத்து வச்சுருவேன். விருந்தாளி வரும்போது எவளாவது கருவாட்டப் பரப்பி வைப்பாளா? மொதல் தடவ என்ன வாடன்னு கேட்டியே, கடல் வாடன்னு சொன்னேனே... அது மானத்துக்குச் சொன்னது.

அதுவும் கீழ் வரிசைல மட்டும்தாம்பா! நாலே நாலு பேனல். மீதி எட்டும் சும்மாதான இருக்கு, அது எடுக்க வேண்டியதுதான? பன்னெண்டும் கை கோத்துகிட்டு நிக்கும், ஒண்ணு உக்காந்தா எல்லாம்...

இரு.

இரு தம்பி, பேசாத. ஒம்பதாம் மாசம்... வடகாத்து... நீ வர்ற அன்னிக்கு எடுத்து வைப்பேன்... மறுநாள்...

ஐயய்யோ! அந்த மரம்!

அடக் கடவுளே, நாப்பது வருஷ மரமாச்சே. ஹாய்தாங்... என் பொண்ணு வேலைய நானே கெடுத்தேனே! பன்னெண்டு புகாரு, போட்டோ வேற! தண்ணி குடு... நீ குடிச்ச கிண்ணம்தான், பரவால்ல, குடு.

சரி. ஒண்ணு பண்ணலாம். நீயே நாலாவதா ஒரு கட்டம் போடு. 'மீன் தவறு'ன்னு எழுது. அது செத்துப் போச்சு, வந்து இல்லன்னா சொல்லப் போகுது? முடியாதா? சரி, எங்க வீட்டுக்காரர் தவறுன்னு போடு. மீன் புடிச்சது அவருதான, அவரும் இப்ப கடல்லதான் இருக்காரு... அதுவும் மூணாவது கட்டம்தானா.

அந்த மூணாவது கட்டத்துல போட்டா, ஃபாரம் ஒண்ணு ஃபாக்டரிக்கு, ஒண்ணு ஊர்த் தலைவருக்கு. அவரு அத ஒலிபெருக்கில படிப்பாரு. 'லுவான் வீடு, வீட்டார் தவறு.' அந்தக் கம்பத்தையும் நானே ஸாங் வீட்டு வாசல்ல நட வச்சிருக்கேன்! நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம். இதுவரைக்கும் ஒருத்தர்ட்ட போயி என் தப்புதான்னு சொன்னதில்ல தம்பி. தப்பு பண்ணாததால இல்ல. வாய்ல வராது.

ஏணியப் புடி.

...புடிச்சிருக்கியா? ஒவ்வொண்ணா எடுக்கறேன், நீ போன்ல கரண்டு கணக்கு ஏறுதா பாரு. ஒண்ணு... என்ன, ஏறலியா? ரெண்டு. மூணு. நாலு. இந்தக் கயிறு முடிஞ்சுது, இப்ப? ஏறுதா? எவ்வளவு? நெஜமாவா! இரு, இன்னும் இருக்கு. இந்தா, கூடையப் புடி... இப்ப? அம்மாடி! வசந்த காலத்துல வந்தத விட ஜாஸ்தியா? எம் பொண்ணு எடுத்த பேனலாச்சே, சும்மாவா! ஒரு கீறல் கெடையாது!

ஐயோ, ஸாங் பாக்கறான். அந்த மரம் இருந்திருந்தா மறைச்சிருக்கும்... நேரா தெரியுது. எதிர் வீட்டுக்காரியும் வந்துட்டா. கைல மீனோட நிக்கறேன் நான்.

என்ன பாக்கற ஸாங்! ஆமாய்யா, மீன்தான்! எல்லாருக்கும் கேக்குதா? என் தப்புதான்! மரத்து மேலயும் தப்பில்ல, கம்பத்து மேலயும் தப்பில்ல, என் தப்புதான்! ஒலிபெருக்கி எதுக்கு, நானே சொல்லிட்டேன்! சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன், கதவத் தெற, ரெண்டு பேரிக்கா கன்னு வாங்கிட்டு வரேன். பேசாம இருய்யா, அழுதீன்னா நானும் இங்க மாடியிலயே அழுதுருவேன்!

தம்பி, எறங்கறேன், புடி. ம்... மணி என்ன? பதினொண்ணரையா? எழுது எழுது. மூணாவது கட்டம். அடியில, எண் முன்னூத்திப் பதினேழு பாத்த பேனல் அத்தனையும் நல்லாருக்குன்னு ஒரு வரி எழுது. எழுதிட்டியா? எங்க, காட்டு.

என்னப்பா இது, எறும்பு கடிச்ச மாதிரி இத்துனூண்டு டிக்! ஃபாக்டரில கண்ணாடி போடாதவன் படிச்சாக்கூட தெரிய வேணாமா? பெருசா போடு. கட்டத்துக்கு வெளிய போனாலும் பரவால்ல, பெருசா போடு.