எரிமலை வெடிச்ச வருசத்துச் சிறுபோகம்

— துருசுத் திறப்ப என்ட கையில தாங்க காக்கா, மதகுப் பூட்டத் திறக்கோணும். நான் கெஞ்ச வரல்ல.

— தண்ணி பங்கிடுற வட்டவிதானை நான், நீ இல்ல. குளத்துக்கட்டுல நிண்டு சத்தம் போடாத சுபைறா, ஆக்கள் பாக்கிறாங்க.

— பாக்கட்டும். கூடப்பிறந்த தங்கச்சிட வாய்க்காலுக்குப் பூட்டுப் போட்ட வட்டவிதானைய அவங்களும் நல்லாப் பாக்கட்டும்.

— உன்ட வாய்க்காலுக்கு மட்டுமா போட்ட? கீழ்கண்டத்து வயல் முழுக்கத்தான். அந்தா, தண்ணி அளக்கிற கம்பத்தப் பாரு. அஞ்சடி. போன வருசம் இதே மாசம் பதினொண்டு நிண்ட.

— ஏன் குறைஞ்ச எண்டு சொல்லுங்களன்.

— ஜுனைட் சேர் பள்ளியில வெச்சு வீடியோவும் காட்டித்தானே சொன்னாரு. இந்தோனேசியாப் பக்கம் பெரிய எரிமலை ஒண்டு வெடிச்ச. அந்தக் கந்தகப் புகை மேகத்துக்கும் மேல போய், வெள்ளைப் பனிப்புகார் மாதிரிப் படர்ந்து நிக்கிதாம். வெயில் உறைக்காட்டி கடல் சூடாகா. கடல் சூடாகாட்டி மழை எங்க வரும்? மாரி பொய்ச்ச, குளம் நிரம்பல்ல. நானா மலைய வெடிக்க வெச்ச?

— அந்த மனிசன் சொன்னதுல பாதியத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. குளத்துச் சேத்த நோண்டி எடுத்து, எந்தக் காலம் தண்ணி வத்தின, எப்ப திரும்ப ஏறின எண்டு பாக்கிற ஆள் அவரு. புகார் ரெண்டு வருசத்துல கலைஞ்சிரும், மழை திரும்பும், அதுக்கிடையில இரிக்கிற தண்ணியப் பங்கு போட்டுத் தின்னுங்க எண்டும் சொன்னாரு.

— அப்ப பொறு. ரெண்டு வருசம்தானே.

— மாரியில விதைச்ச பெரும்போகம் முழுக்கப் பதரு. இந்தக் கோடைச் சிறுபோகமும் இல்லாட்டி என்ட மூணு புள்ளையளுக்கும் என்னத்தப் பொங்குற? ரெண்டு வருசம் பொறுங்க எண்டு அதுகள்ட வயித்துக்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க.

— அதுக்கு நான் என்ன செய்ய? இந்த அஞ்சடித் தண்ணி மேல்கண்டத்துக்குத்தான் காணும். கீழுக்கு விட்டா ரெண்டும் காயும்.

— சரி. தண்ணி காணா எண்டு உங்கட வாயாலயே சொல்லிட்டீங்க.

— ஓம், சொன்ன.

— தண்ணி காணாத வருசம் இந்த வயல்வட்டையில என்ன வழக்கம்?

— வழக்கத்தையெல்லாம் இப்ப ஆரு பாக்கிற?

— நான் பாக்கிறன். மேல்கண்டத்த அளந்து கீழ்கண்டத்தாருக்கும் பங்கு குடுத்து, எல்லாரும் அங்கேயே விதைக்கிற. மழை வந்த பொறகு அவங்கவங்க காணிக்குத் திரும்பிப் போற. வாப்பா வட்டவிதானையா இரிக்கக்குள்ள ரெண்டு தரம் செஞ்சாரு. உங்களுக்கும் தெரியும்.

— அது வாப்பாட காலம். இப்ப அவ்வளவு பெரிய பஞ்சம் ஒண்டும் இல்ல.

— இப்பத்தானே மலை வெடிச்ச எண்டீங்க.

— மலை எங்கேயோ வெடிச்ச. அதுக்காக என்ட காணிய நான் பிச்சுக் குடுக்கிறதா?

— என்ட வாய்க்காலப் பூட்டக்குள்ள மலை பக்கத்துல வெடிச்ச. உங்கட வரம்புக்கு வரக்குள்ள அது எங்கேயோ வெடிச்ச. என்ன மலை காக்கா அது?

— நாக்கு நீளுது உனக்கு. உன்ட மாப்புள மௌத்தாகின நாளையில இருந்து உன்ன ஆரு பாத்த? மறந்திட்டியா?

— மறக்கல்ல. ரெண்டு பெருநாளைக்குத் துணி எடுத்துத் தந்தீங்க. அத நாலு வருசமாச் சொல்லிட்டு இரிக்கீங்க. எனக்கு உங்களக் கண்டாலே இப்ப வெறுப்பா இரிக்கி.

— இரிக்கட்டும். நாளைக்குச் சிறுபோகக் கூட்டத்துல நான் கை தூக்காட்டி ஒண்டும் நடக்கா. மேல்கண்டத்துல பாதி என்ட. என்ட சம்மதம் இல்லாம அதுல ஒரு பிடி விதை விழாது.

— இதுதான் கடைசிக் கதையா?

— கடைசிக் கதை. வீட்ட போ. பொறு, அங்க என்ன உழவு மிசின் சத்தம்?

— மேல்கண்டத்துல. எனக்கு அளந்து தந்த நாலு வரவை வயல உழுறாங்க.

— ஆரு அளந்து தந்த? காணிக்காரன் நான் இங்க நிக்கிறன்.

— அந்தக் காணி உங்கட பொஞ்சாதிக்கு அவட வாப்பா தந்த சீதனம் காக்கா, உறுதிப் பத்திரத்துல உங்கட பேர் எங்கேயும் இல்ல. விடிஞ்சதுல இருந்து முஸ்பிறா மச்சிதான் மிசினுக்கு முன்னால நடந்து எனக்கு வரம்பு காட்டிட்டு இரிக்கா.