வவ்வால் கடித்த மாம்பழம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த மாந்தோப்புக் குத்தகைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

“கேரளாவுல நிபா காய்ச்சல் வந்து ஆளுக செத்ததுலருந்து, வவ்வால் கடிச்ச பழத்த எங்க வீட்ல ஒருத்தரும் வாயில வைக்கதில்ல, அண்ணாச்சி. சுகாதாரத் துறைக்காரங்க கூட்டம் போட்டு அம்புட்டுத் தெளிவாச் சொன்னாங்க.”

“நல்ல காரியம்லே. அந்தப் பழத்தயெல்லாம் குழி தோண்டிப் புதைச்சிருதியளா?” என்றார் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி. அவர் மடியில், ஏறும்போது வாங்கிய மாம்பழ ஜூஸ் பார்சல் இருந்தது.

“எதுக்குப் புதைக்கணும்? கடிச்ச இடத்த மட்டும் அரிஞ்சு போட்டுட்டு ஜூஸ் கடைக்குக் குடுத்திருதோம்.”

“ஏலே, குடிக்கிறவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“அவியளுக்கும் சேத்துத்தான அண்ணாச்சி கூட்டம் போட்டாங்க? அவிய அவியதான் சூதானமா இருக்கணும்.”

“எந்தக் கடைக்குலே குடுக்க?”

“ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருக்குல்ல, அந்தக் கடைக்குத்தான்.”

அண்ணாச்சி குனிந்து மடியைப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்ததும் பார்சலை எடுத்து நீட்டினார்.

“தம்பி, வேர்த்து விறுவிறுத்து நிக்கிய. இந்த ஜூஸைக் குடிங்க. நான் இன்னும் வாயே வைக்கல.”