கார்ப்பரல் விடியலுக்கு ஒரு டார்ச்

"ஹலோ... ஹலோ! பூடு ஹார்டுவேர்தானே?... ஆமா, ஆமா, நான்தான் அங்கிள், போன் ஆன்ஸ் ஊர் போலீஸ் ஸ்டேஷன்லருந்து லிஸ்ட்ரா பேசுறேன்... எனக்கு நல்லாவே கேக்குது, நீங்க கத்தாதீங்க... அங்கிள், முதல்ல வெளிய எட்டிப் பாருங்க. எங்க ஊருக்கு ஆள் ஏத்திட்டு வர்ற ஹோலிஸோட மேக்ஸி வேன் நிக்குதா?... நிக்குதா? அப்பாடா! எத்தனை மணிக்கு எடுக்கிறான்?... ஒரு மணிக்கா? இப்பவே பன்னெண்டே முக்கால் ஆச்சே!... கடலை வச்ச டபுள்ஸ் ரொட்டி தின்னுட்டு இருக்கானா? இன்னொண்ணு வாங்கிக் குடுங்க, என் பேரச் சொல்லி... தின்னதே ரெண்டாவதா? பரவால்ல, மூணாவதும் உள்ள போகும், அவன் வயிறு எனக்குத் தெரியும்... எனக்கு ஒரு டார்ச் வேணும் அங்கிள். அந்த வண்டியிலயே வரணும். இன்னிக்கே வரணும்."

போன் ஆன்ஸ் காவல் நிலையத்துக்கு இருப்பது ஒரே தொலைபேசி. அதன் சுருள் வயர் ஜன்னல் வரைக்கும்தான் எட்டும். கார்ப்பரல் லிஸ்ட்ரா பாப்டிஸ்ட் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். காலையில் தட்டில் வைத்த ரொட்டியும் உப்புமீனும் அப்படியே ஆறிக் கிடந்தன. சாப்பாட்டை ஆறவிடுகிற பெண்ணில்லை அவள்.

"இல்ல... இல்ல அங்கிள், அது வேணாம்... ரெண்டு மைல் அடிக்குதா? அடிக்கட்டும், நான் என்ன ஏரோப்ளேனா இறக்கப் போறேன்?... பாதுகாப்புதான், சரி... திருடன் கண்ணு கூசும், சரி சரி... ஐயோ, அதான் வேணாங்கிறேன்! அந்த மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டுத்தானே என் மானமே கப்பலேறிச்சு... என்ன, உங்களுக்குத் தெரியாதா? பொய் சொல்லாதீங்க. உங்க கிராண்டே டவுன் முழுக்கத் தெரியுமே... பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க!... சரி, என் வாயாலயே கேளுங்க, அப்பதான் உங்களுக்கு ஜீரணமாகும்.

"போன மாசம். நான் இங்க வந்து முதல் ரோந்து. முட்டை இட வர்ற ஆமைங்களுக்குக் காவல் இருக்கிற ஊர்க்காரங்களோட கடற்கரையில நடக்கிறேன். தூரத்துல கருப்பா, பெருசா என்னமோ மணல்ல அசையுது. ஆமைய வெட்ட வந்தவன்தான் பதுங்கிக் கிடக்கான்னு நெனச்சேன்... ஆமா... ஆமா, 'போலீஸ்! கையத் தூக்கு!'ன்னு கத்திட்டு, இருக்கிற வெளிச்சத்த எல்லாம் மூஞ்சி மேல அடிச்சேன்... ஆமைதான். அஞ்சு ஆள் கனம் இருக்கும்... இல்ல அங்கிள், கையத் தூக்கல."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? ஹோலிஸும் சேந்து சிரிக்கிறானா? அவனத் திங்கச் சொல்லுங்க... ஆனா சிரிப்பில்ல அங்கிள். வெள்ளை வெளிச்சம் பட்டா ஆமை மிரண்டுடும். அது அப்படியே திரும்பிக் கடலுக்குள்ள போயிடுச்சு. ஒரு முட்டைகூட இடல. மிஸ் யூலா எம் பக்கத்துலயே நின்னாங்க... யூலாலிதான், காவல் கூட்டத்துக்குத் தலைவி... ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். 'கார்ப்பரல், விடிஞ்சிருச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்'னாங்க. அவ்வளவுதான். மறுநாள்லருந்து எனக்கு ஊரே வச்ச பேரு கார்ப்பரல் விடியல். ரம் கடையில பாட்டே கட்டிட்டாங்க. நான் தெருவில போனா சேவல் மாதிரி கூவுறாங்க!... சிரிங்க, நல்லாச் சிரிங்க.

"அன்னிலருந்து போலீஸ் மணல்ல கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க... சட்டம் நம்ம பக்கந்தான், யாரு இல்லைன்னா? ஆனா அந்த இருட்டுல எந்தப் பாறை எங்க, எவன் எந்தப் பக்கமா வருவான்னு அவங்களுக்குத்தானே தெரியும்? அவங்க இல்லாம நான் மட்டும் போனா, கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான். இந்த மூணு வாரத்துல மூணு ஆமைய வெட்டிட்டாங்க அங்கிள். முட்டை இட வந்த தாய்ங்க. மூணாவதப் பாத்துட்டு நான் உக்காந்து அழுதுட்டேன்... ம்... ம்... சரி, விடுங்க.

"கெஞ்சிக் கூத்தாடி, இன்னிக்கு ஒரு ராத்திரி வரச் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு ராத்திரி. ஒரு பொட்டு வெள்ளை வெளிச்சம் மணல்ல விழுந்துச்சோ, அதுக்கப்புறம் போலீஸுக்கும் கடற்கரைக்கும் தீர்ந்துச்சு. ஆமா, சிவப்பு. சிவப்பு லைட்டுக்குத்தான் ஆமை மிரளாது... காகிதமா? ஒட்டிக்கலாம், அவங்கல்லாம் அதான் செய்றாங்க. எனக்கு ஆகாது. எவனாவது தென்னந்தோப்புக்குள்ள ஓடினா அவன் மூஞ்சியப் பாக்க வெள்ளையும் வேணுமே. காகிதத்தப் பிச்சுட்டு இருந்தா அவன் பக்கத்து ஊரு போயிடுவான்... அதான். ஒரே டார்ச்சுல ரெண்டும் வேணும். இருக்கா?... நாலு தினுசா? என் செல்ல அங்கிளே!"

பூடுவின் கடையில் இல்லாத சாமானே கிடையாது. கேட்ட சாமானை உடனே எடுத்துத் தருகிற வழக்கம்தான் கிடையாது. லிஸ்ட்ரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்குப் பதினோரு நிமிடம் இருந்தது.

"முதல் தினுசு. அமுக்குங்க... என்ன நிறம்?... வெள்ளை. மறுபடி?... மங்கலா வெள்ளை. மறுபடி?... கண்ணு சிமிட்டுதா? மறுபடி?... நாலாவது அமுக்குலதான் சிவப்பா? தூக்கிப் போடுங்க! சிவப்பு வர்றதுக்குள்ள மூணு தடவை விடிஞ்சிரும்... ரெண்டாவது?... தனிப் பட்டனா? நல்லது... சார்ஜா? சார்ஜ் போடுறதுன்னா வேணாம். இங்க மழை பேஞ்சா மூணு நாளைக்குக் கரண்ட் வராது. கடையில விக்கிற பேட்டரி போடுற மாதிரி சொல்லுங்க... மூணாவது தடியாட்டம் இருக்கா? அதால நான் யாரையும் அடிக்கப் போறதில்ல. விடியுற வரைக்கும் இடது கையிலயே பிடிக்கணும், தோள் பட்டை கழண்டுரும்... நாலாவது? சின்னதா? பேட்டரிதானே?... ரெண்டு பட்டன்... ம்... ம்... அங்கிள், அத எடுத்துட்டு ஸ்டோர் ரூமுக்குப் போங்க. கதவச் சாத்திக்குங்க. கண்ணையும் மூடிக்குங்க... போங்களேன்! கட்டைவிரலால தடவுங்க. சிவப்புப் பட்டன் எதுன்னு கைக்குத் தெரியுதா?... மேல ஒரு குமிழ் இருக்கா? அமுக்குங்க. இப்ப கண்ணத் திறங்க. என்ன நிறம்?... சிவப்பு! இன்னொரு தடவை... சிவப்பு! அங்கிள், உங்க கைக்கு முத்தம்!

"இருங்க, இருங்க, தண்ணி ஒண்ணு பாத்துரலாம். வாளி இருந்தா உள்ள போடுங்க... போட்டீங்களா? எரியுதா?... தண்ணிக்குள்ளயே எரியுதா? ஆஹா!... ஆன்ட்டி யாரத் திட்டுறாங்க?... குடிக்கிற தண்ணியா? ஐயையோ. போலீஸ் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க... சரி, அதையே கட்டுங்க. ரெண்டு இருந்தா ரெண்டும் குடுங்க, ஒண்ணு போனா ஒண்ணு... ஒண்ணுதான் பாக்கியா?... காலையில அஞ்சு இருந்துச்சா? நாலும் வித்துருச்சா? நம்ம ஊர்லயும் நல்ல டார்ச்சு தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொல்லுங்க... யாரு?... ஒருத்தரேவா? நாலும்?... என்னன்னு?... ஆமைக் காவலுக்கா?"

லிஸ்ட்ராவின் நடை நின்றது.

"எந்த ஊரு ஆமைக் காவல்?... போன் ஆன்ஸா? எங்க ஊரா?... அங்கிள், ஒரு நிமிஷம். எங்க ஊர்க் காவல்காரங்க பழைய டார்ச்சுல சிவப்புக் காகிதத்த ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித்தான் வச்சிருக்காங்க. மிஸ் யூலா கிறிஸ்துமஸ் கேக் சுத்தி வச்ச காகிதம். நேத்து சாயங்காலம் நான் என் கண்ணால பாத்தேன். புதுசு வாங்கினா ஊரக் கூட்டிக் காட்டியிருக்க மாட்டாங்களா?... இல்ல... பயப்படாதீங்க, உங்க மேல தப்பில்ல. டார்ச்சோட வேற என்ன வாங்கினான்?... சாக்கு. எத்தனை?... ஆறு. அப்புறம்?... கத்தி தீட்டுற கல்லு... ம்... ஐஸா? ஐஸ் எங்க கிடைக்கும்னு கேட்டானா? காவல் காக்குறவனுக்கு ஐஸ் எதுக்கு அங்கிள்?... ஆமா. கறிக்குத்தான். ஆமைய வெட்டுறவனேதான்.

"ஆளு எப்படி?... தொப்பி போட்டிருந்தா மூஞ்சி எப்படித் தெரியும், சரி. வண்டி?... வெள்ளை வேன். நம்பரு?... நீங்க எதுக்குக் குறிச்சு வைப்பீங்க, அதுவும் சரிதான்... என்ன? ஹோலிஸ் என்ன சொல்றான்?... அந்த வேன் இவன் மேக்ஸிய மறிச்சு நின்னுச்சா? சண்டையா? அப்போ அவனுக்கு நம்பர் தெரியும்! தன்கூடச் சண்டை போட்டவன் நம்பர ஹோலிஸ் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். கேளுங்க, கேளுங்க... டி... டி... கே... நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. ஹோலிஸுக்கு நாலாவது டபுள்ஸும் என் கணக்கு!"

நம்பரை உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். மூன்று வாரமாக அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. காவல்காரர்கள் கையிலும் சிவப்பு, களவாணிகள் கையிலும் சிவப்பு; இதுவரை காகிதம் ஒட்டியது, இன்றைக்குப் புதுசு. இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்தால் நம்ம ஆள் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவளும் இன்றைக்கு அப்படித்தான் விட்டிருப்பாள்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். யோசிச்சேன்... மணல்ல வச்சு அவங்களப் பிடிக்கவே கூடாது அங்கிள். அடிதடி ஆகும், வெளிச்சம் அடிப்பாங்க, வந்த ஆமையெல்லாம் திரும்பிடும். கடற்கரைக்கு ஒரே ரோடுதான். மலைக்கு இந்தப் பக்கம் இரும்புப் பாலம். அந்த இடத்துல என்ன வெளிச்சம் போட்டாலும் கடலுக்குத் தெரியாது, நடுவுல மலை இருக்கு. பாலத்துல வேன நிறுத்தி, ராத்திரி ஆமைக் கடற்கரைக்குப் போக அரசாங்கம் குடுக்கிற பாஸ எடுன்னு கேப்பேன். அப்புறம் சாக்கு, கத்தி, ஐஸ் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லட்டும்... தனியா எதுக்கு நிக்கிறேன்? உள்ள தூங்கிட்டிருக்கிற சார்ஜென்ட்ட எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன். ஊர்ல உள்ள ஆம்பளைங்களும் வருவாங்க, சேவல் மாதிரி கூவினவங்கதானே, இன்னிக்கு வந்து நிக்கட்டும்...

"அங்கிள்... அந்த டார்ச்சு... அதான், ரெண்டு மைலு... இன்னும் இருக்கா?... ஆமா, ஏரோப்ளேன் இறக்குறதுதான்!... ஆமா, நான்தான் வேணாம்னேன், இப்ப வேணும்கிறேன். கட்டுங்க. பேட்டரி போட்டே கட்டுங்க... ரெண்டும்தான். சின்னதும் வேணும்... இல்ல, எனக்கில்ல. சிவப்ப மிஸ் யூலா கையில குடுத்துருவேன்... ம்... ஆமா, மணல்ல கால் வைக்கத்தான் மூணு வாரம் கெஞ்சினேன். இன்னிக்கு வைக்க மாட்டேன். இன்னிக்கு ஆமைங்க நிம்மதியா வந்துட்டுப் போகட்டும், நான் பாலத்துலயே நிக்கிறேன்... வருத்தமா? கொஞ்சம் இருக்கு அங்கிள். இல்லைன்னு எதுக்குச் சொல்லணும்? ஆனா சந்தோஷமாவும் இருக்கு.

"ஹார்ன் அடிக்கிறானா? ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க... என்ன? பொட்டலத்து மேல யார் பேரா? சின்னதுல மிஸ் யூலாலின்னு எழுதுங்க. பெருசுலயா?... லிஸ்ட்ரா பாப்டிஸ்ட்னு எழுதினா இங்க எவனுக்கும் தெரியாது... எழுதுங்க, கார்ப்பரல் விடியல்னே எழுதுங்க. பெரிய எழுத்துல... ஆமா, நானேதான் சொல்றேன்! இன்னிக்குப் பாலத்துல அவனுங்களுக்கு விடியட்டும். நாளைக்கு ரம் கடையில பாட்ட மாத்திக் கட்டிக்கட்டும்... சரி... சரி... ஆன்ட்டி தண்ணிக்கு இன்னொரு தடவ மன்னிப்பு... வைக்கிறேன். சார்ஜென்ட்ட எழுப்பணும்!"