கை தூக்கும் முன்

— அக்கா, நீங்க எழுந்து நின்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா போதும். ‘இரகசிய வாக்கெடுப்பு வேணும்.’ அவ்வளவுதான். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.

— முதல்ல கதவைக் காலால அழுத்திப் பிடி, டெய்லர். தாழ்ப்பாள் இல்ல. இத்தனை பெரிய நகரசபை, பொம்பளைங்க பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போட ஆளில்ல.

— நீங்க மேயராகிப் போடுங்க.

— நானா? பேக்கரிக்காரி மேயரா? கேளு. மெம்பருங்கள்ல உங்க பாஷைக்காரங்க ஆறு பேர், எங்க பாஷைக்காரங்க ஆறு பேர். உங்க ஆறும் உங்க பெரியவருக்குப் போடும், எங்க ஆறும் எனக்குப் போடும். சமமா வந்தா குலுக்கல். இத்தனை வருஷமா ரொட்டி சுடறேன், ஒரு குலுக்கல்ல ஒரு ஸ்பூன்கூட எனக்கு விழுந்ததில்ல.

— அதான் சொல்றேன். இரகசியமா நடந்தா குலுக்கலே வராது. ஏழு உங்களுக்கு, அஞ்சு அவருக்கு.

— அந்த ஏழாவது யாரு?

— என் வாயால சொல்ல வைக்காதீங்க.

— கேளு, தங்கச்சி. அவர் உன் வீட்டுக்காரரோட அண்ணன். நீ குடியிருக்கிறது அவர் வீட்டு மாடியில. தேர்தல்ல உன்னை நிறுத்தினதும் அவர்தான்.

— நிறுத்தினாரா? எங்க வார்டைப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு, பிளவுஸ் தைச்சிட்டிருந்தவளைக் கூப்பிட்டு, ‘இங்க ஒரு கையெழுத்துப் போடு’ன்னார். போட்டோ எடுக்கிறப்பகூட என் கழுத்துல டேப்பு தொங்குச்சு. போஸ்டர்ல பெரியவர் மூஞ்சி கதவு சைசு, என் மூஞ்சி தீப்பெட்டி சைசு.

— பார்த்தேன், பார்த்தேன். எங்க பாஷையில அடிச்ச போஸ்டர்ல அந்தத் தீப்பெட்டியும் இல்ல.

— சிரிக்காதீங்க. போஸ்டர்ல இல்லாட்டி என்ன, வீடு வீடா ஏறி இறங்கினது நான். உங்க ஆளுங்க தெருவுக்கும்தான் வந்தேன். ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற குப்பை மேட்டை எடுத்திடுவோம்னு சொன்னேன். அது அவர் சொல்லிக் கொடுத்தது இல்ல, நானே சொன்னது. என் சின்னவன் இருமி இருமி விலாவெல்லாம் எண்ணலாம் போல இருக்கான். உங்க தெருப் பிள்ளைங்களும் அப்படித்தானே? குப்பைக்கு எங்க ஆளு, உங்க ஆளுன்னு தெரியுமா?

— தெரியாது. ஈக்கும் தெரியாது. நம்ம ரெண்டு தெருவுலயும் ஓட்டுரிமை இல்லாம சந்தோஷமா இருக்கிறது அது ஒண்ணுதான்.

— அங்க கொட்டுற லாரியெல்லாம் யாரோடது? பெரியவரோடது. அவரே மேயரானா மேட்டை எடுப்பாரா? மேல இன்னும் ரெண்டு மாடி கட்டுவார்.

— உஷ். யாரோ தட்டுறாங்க.

— நான்தாம்மா, பியூன். லேடீஸ் மெம்பர் ரெண்டு பேரும் உள்ளதானே இருக்கீங்க? சட்டப்படி பார்த்தா இன்னும் கொஞ்ச நேரத்துல நான் மணி அடிச்சாகணும்.

— அண்ணே, ஒரு சந்தேகம். இரகசிய வாக்கெடுப்பு வேணும்னா எத்தனை பேர் கேக்கணும்?

— சட்டப்படி பார்த்தா ஒருத்தர் கேட்டா போதும்மா. ஜனங்க மெம்பரைத் தேர்ந்தெடுத்தாச்சு, மெம்பருங்க மேயரைத் தேர்ந்தெடுக்கணும். பெட்டி, மறைப்பு எல்லாம் துடைச்சு வெச்சிருக்கேன். யாரும் கேக்கலைன்னா, பேரைச் சொன்னதும் எல்லார் எதிர்லயும் கையைத் தூக்கணும். சமமா வந்தா குலுக்கல். அதுக்கு பிஸ்கட் டப்பா ரெடி.

— பிஸ்கட் டப்பாவா?

— என் கடை டப்பாதான், டெய்லர். முந்தாநாள் வந்து இரவல் வாங்கிட்டுப் போனார்.

— ஐயோ, வெளிய சொல்லிடாதீங்கம்மா! டப்பா உங்களோடதுன்னு தெரிஞ்சா குலுக்கலைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. நான் போய் லேபிளைக் கிழிச்சிடறேன்.

— போயிட்டாரா? கேட்டீங்களா அக்கா, ஒருத்தர் போதும். நான் கேட்டா உடனே சந்தேகம் வரும். நீங்க கேளுங்க.

— நான் கேக்கப் போறதில்ல.

— என்னது?

— கோவப்படாம கேளு. பெட்டியைத் திறக்கிறாங்க. ஏழு, அஞ்சு. உங்க பக்கத்துல யாரோ மாறிப் போட்டாச்சு. யாருன்னு தேடுவாங்க. உன்மேல சந்தேகம் வருமா?

— என்மேலயா? எனக்குத் தனியா ஒரு மூளை இருக்குன்னே பெரியவருக்குத் தெரியாது.

— அப்ப யார்மேல வரும்?

— யார்மேலயாவது வரட்டும்.

— சொல்லு, டெய்லர்.

— பார்பர் தம்பி மேல.

— ஏன்?

— ஏன்னு உங்களுக்கே தெரியும். எங்க ஆறு பேர்ல அவன் ஒருத்தனுக்குத்தான் பொண்டாட்டி உங்க ஆளு.

— அவளோட அம்மா காலையில என் கடைக்கு வந்தா. ரொட்டி வாங்க வரல. ‘இரகசியம்னு மட்டும் கேட்டுடாதே, என் மருமகன் கடையை உடைச்சிடுவாங்க, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஓட்டை மாத்திட்டான்னு சொல்லிடுவாங்க’ன்னு அழுதா. நான் சரின்னுட்டேன்.

— அவன் பெரியவருக்குத்தான் அக்கா போடுவான்! சத்தியமா. அவரைப் பார்த்தாலே அவனுக்கு நாக்கு மேல ஒட்டிக்கும்.

— எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள போன சீட்டு எழுந்து நின்னு சாட்சி சொல்லுமா?

— அப்ப எல்லார் எதிர்லயும் என்னைக் கையைத் தூக்கச் சொல்றீங்க.

— இல்லவே இல்ல. நீ உங்க பெரியவருக்கே தூக்கு. சமமா வரட்டும். பியூன் டப்பாவைக் குலுக்கட்டும்.

— ஒரு ஸ்பூன்கூட விழுந்ததில்லைன்னீங்க.

— விழலைன்னா எதிர் பெஞ்சுல உட்கார்ந்து கத்தறேன். எனக்குத் தொண்டை இருக்கு. உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. நீ அவருக்கு எதிரா கையைத் தூக்கிட்டு அந்த மாடிக்குப் போக முடியுமா? உன் வீட்டுக்காரர் உன் பக்கம் நிப்பாரா?

— நல்ல மனுஷன்தான். ஆனா அண்ணன் தும்மினா இவர் கர்சீப்பை நீட்டுவார். அண்ணன் என்னை வெளிய போன்னு சொன்னா, இவர் அழுதுகிட்டே பெட்டியைக் கட்டிக் கொடுப்பார்.

— அதான் சொல்றேன், வேண்டாம். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சரியா?

— அம்மா, மணி அடிச்சாச்சு! சட்டப்படி பார்த்தா கதவைச் சாத்திட்டா அப்புறம் உள்ள விடக்கூடாது!

— வர்றோம், வர்றோம்! டெய்லர், காலை எடு. ஏன் அப்படியே நிக்கிற? அழறியா என்ன?

— இல்ல. உங்க பேக்கரிக்கு மேல மாவு மூட்டை அடுக்கி வெச்சிருக்கீங்களே, அந்த ரூம்ல ஒரு தையல் மெஷின் போட்டு, நானும் பிள்ளைங்களும் படுக்க இடம் இருக்குமா அக்கா?